குழாய் நின்ற பதினோரு நாள்

எங்கள் முகவரியில் தெரு கிடையாது.
பதினேழாம் நம்பர் பிளாக், குழாய்க்கு வலப்பக்கம்,
கெத்தை ரோடு, மஞ்சூர் வழி
என்று எழுதினால் தபால் வந்துவிடும்.

பிளாக் என்றால் வீடல்ல.
மலைச்சரிவில் இறங்கும் இரும்புக் குழாய்
நழுவாமல் பிடித்து நிற்கும் கான்கிரீட் கட்டி.
அதன்மேல் மிளகாய் காயும், பள்ளிச் சீருடை காயும்,
தேர்தலுக்குத் தேர்தல் ஏதாவது ஒரு சின்னம் காயும்.

குழாய் போட வந்தவர் என் மாமனார்.
சேலத்திலிருந்து, மலப்புரத்திலிருந்து, கர்னூலிலிருந்து
அவரோடு வந்தவர்கள் நூறு பேர்.
வேலை முடிந்ததும் போகச் சொன்னார்கள்.
எங்கே என்று சொல்லவில்லை.

உள்ளே தண்ணீர் விழும் இரைச்சலை
நாங்கள் இரைச்சல் என்று சொல்வதில்லை.
இருமலுக்கு அடியில், அடுப்புக்கு அடியில்,
கரண்ட் போன ராத்திரிகளுக்கும் அடியில்
அது ஓடிக்கொண்டிருக்கும்.
அதற்கு மேலேதான் பேச வேண்டும்.
ஆகவே கத்துவோம்.
மஞ்சூர்ச் சந்தையில் லச்சி
உருளைக்கிழங்கை நிறுத்தபடி சொல்வாள்:
"குழாய்க்காரியா? மெதுவா கேளு, எனக்குக் காது இருக்கு."
காரமடையில் கட்டிக்கொடுத்த என் மகள்
முதல் நாள் மாமியாரிடம் "தண்ணி வேணுமா" என்று கேட்டு
சண்டைக்காரி என்று பெயர் வாங்கினாள்.

போன மாசியில் குழாயைக் காலி செய்தார்கள்.
துரு சுரண்டி, ஒட்டுப் போட்டு, சாயம் அடிக்கப்
பதினோரு நாள் என்றார் ஜே.இ.
சுரண்டுவதற்கு என் வீட்டுக்காரரும் போனார்,
நாள் கூலிக்கு, முழங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு.

முதல் ராத்திரி யாரும் தூங்கவில்லை.
கைக்குழந்தைகள் வீறிட்டன.
நாய்கள் குழாயைப் பார்த்துக் குரைத்தன.
என் காதுக்குள் என் ரத்தம் நடந்தது.

இரண்டாம் ராத்திரி
சுவருக்கு அந்தப் பக்கம் சைனபா எண்ணுவது கேட்டது.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.
நின்றாள்.
மறுபடி ஒன்றிலிருந்து.

பதினாலு வருஷமாக ஒரே சுவர்.
மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகன் நிசார்
பவர்ஹவுஸுக்குக் கீழே பாறையில் குளித்துக்கொண்டிருந்தபோது
மெஷினை ஓட்டி ஆற்றில் தண்ணீர் விட்டார்கள்.
துக்கத்தையும் நாங்கள் கத்தித்தான் விசாரித்தோம்.
எச்சரிக்கைச் சங்கு ஒலித்தும் வெளியேறவில்லை
என்று வாரியம் எழுதியது.
சங்கு ஊதி நாற்பது எண்ணுவதற்குள்
தண்ணீர் பாறையைத் தொடுமாம்.
கரை ஒதுங்கியவனின் கையில் ஒற்றைச் செருப்பு.
பெருநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்தது.
அதை எடுக்கத் திரும்பியிருப்பானோ?
நாற்பது. மறுபடி நாற்பது.

ஏழாம் நாள் ஆறு வெறும் கல்லாகக் கிடந்தது.
பத்தாவது படிக்கும் என் சின்னவன் சவேரியைப்
பாறையில் நிறுத்தினோம்.
தண்ணீர் இல்லை என்று தெரியும்.
இருந்தும் என் வயிறு கல்லைக் கட்டிக்கொண்டது.
சைனபா கைதட்டினாள். ஓடினான்.
கரைக்கல்லைத் தொட்டபோது ஐம்பத்தொன்று.
இன்னொரு தடவை, ஐம்பத்தாறு, வழுக்கிவிட்டது.
மூன்றாவது தடவை சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு
நாய் துரத்தினாற்போல ஓடினான்.
நாற்பத்தேழு.

சைனபா ஈரமில்லாத மணலில் உட்கார்ந்தாள்.
"அப்போ செருப்புனால இல்ல" என்றாள்,
இவ்வளவு மெல்லிய குரல் இவளுக்கு உண்டென்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

மனு எழுதினோம்.
மூன்று எண்களையும் போட்டோம்,
வழுக்கியதைக்கூட மறைக்கவில்லை.
ஜே.இ. சீல் குத்தி வாங்கிக்கொண்டார், நல்ல மனுஷன்,
கண்ணைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிகாலை
பிளாக் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தது.
தண்ணீர்.
குழந்தைகள் உடனே தூங்கிப்போயின.

சித்திரையில் பதில் வந்தது, ஒரே வரி:
சங்கு நல்ல நிலையில் இயங்குகிறது.

சைனபாவுக்குப் படிக்கத் தெரியாது.
வாசலில் நின்று படித்துக் காட்டினேன்,
எப்போதும்போல் கத்தி.
குழாய்க்கு இரண்டு பக்கமும் கேட்டது.